அட்டிக்கு நடுவே விட்ட இடம்

மூட்டை தூக்குகிற எல்லோராலும் அட்டி போட முடியாது. தூக்குவதற்குத் தோள் இருந்தால் போதும். ஆள் உயரத்துக்கு மேல் மூட்டை மூட்டையாக அடுக்கி, அது நாலு மாதம் சரியாமல் நிற்க வேண்டுமென்றால் கண் வேண்டும். அந்த மொத்த வியாபாரக் கடைத்தெருவில் அப்படிப்பட்ட கண் ஒரே ஒருவருக்குத்தான் என்று சொன்னால் மற்ற சுமைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் ஆறு வரிசைக்கு மேல் போக வேண்டிய வேலை வந்தால், அவர்களே "அண்ணனைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வார்கள்.

அட்டியண்ணன் என்பதுதான் அவருக்கு அங்கே பேர். வாக்காளர் பட்டியலில் வேறு பேர் இருக்கிறது. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். வயது ஐம்பத்து மூன்று. முப்பது வருஷமாக ஒரே பக்கம் பாரம் ஏற்றியதில் வலது தோள் இரண்டு விரல்கடை இறங்கிப்போயிருந்தது. மகள் கல்யாணத்தில் போட்டோக்காரர் "தோளை நேரா வைங்க, நேரா வைங்க" என்று அரைமணி நேரம் உயிரை வாங்க, கடைசியில் அவர், "தம்பி, இதுதான் நேர். நீ கேமராவைக் கொஞ்சம் சாய்ச்சுக்க" என்றார்.

அவர் அட்டி போடுவதைப் பார்க்க வேண்டும். முதல் வரிசை நீளவாட்டில்; அதன் மேல் வரிசை குறுக்குவாட்டில். மேல் மூட்டை கீழ் மூட்டையைக் கவ்விக்கொண்டு உட்காரும். தைத்த வாய் எப்போதும் உள்பக்கம்தான் இருக்கும். வெளியே நிற்கிறவன் கொக்கியைச் செருகிக் கைப்பிடி அள்ள முடியாது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. அட்டிக்கு நடுவில் கிணறு மாதிரி ஓர் இடத்தை அவர் காலியாக விட்டுவிடுவார்.

பயறு அறுவடையாகி வந்த புதிதில் உள்ளே ஈரம் இருக்கும். நெருக்கி அடுக்கினால் நடுவில் சூடேறும், அப்புறம் பூஞ்சை, அப்புறம் வண்டு. நடுவே இடம் விட்டால் கீழே போட்டிருக்கும் கட்டைகளின் சந்து வழியாகக் காற்று புகுந்து மேலே போகும். இதை அவர் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. கெட்டுப்போன அட்டிகளைப் பிரித்துப் பிரித்து, எந்த மூட்டை முதலில் கெடுகிறது என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. ஆரம்பத்தில் ஒரு முதலாளியிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தார். "நான் வாடகை குடுக்கிறது மூட்டைக்கா, காத்துக்காய்யா?" என்று அந்த மனிதர் எகிறினார். அன்றோடு சொல்வதை நிறுத்தினார், செய்வதை நிறுத்தவில்லை. வேறொரு கிடங்கில் அந்தக் கிணற்றுக்குள் பூனை விழுந்து, மூன்று நாள் சுவருக்குள்ளிருந்து பேய் கத்துகிற மாதிரி கத்தி, மொத்த அட்டியையும் பிரிக்க வைத்தது. அதன் பிறகு கடைசி வரிசைக்குக் கீழே இரண்டு பலகையைக் குறுக்கே போட்டு, அதன் மேல் மூட்டைகளை இடைவெளி விட்டு வைத்து மூடத் தொடங்கினார். வெளியிலிருந்து பார்த்தால் கெட்டியான அட்டி. உள்ளே ஒரு கிணறு. முதலாளிக்கும் நிம்மதி, பயறுக்கும் நிம்மதி.

அந்த நிம்மதிதான் ஒருநாள் ஒரு பெண்ணைப் பதுக்கல்காரியாக்கியது.

அந்த வருஷம் மழை தப்பி, பயறு விலை மாதத்துக்கு மாதம் ஏறியது. வீடுகளில் குழம்பு தண்ணீராகத் தொடங்கியதும் தெருவில் பேச்சு சூடானது. அரசு ஆணை போட்டது: மொத்த வியாபாரி யாரும் இருநூறு மூட்டைக்கு மேல் பயறு வைத்திருக்கக் கூடாது, கையிருப்பும் விலையும் தினமும் காலையில் கடை வாசலில் பலகையில் எழுதித் தொங்கவிட வேண்டும், மீறினால் சரக்கு பறிமுதல், உரிமம் ரத்து, அதற்கு மேலும் உண்டு. நல்ல ஆணைதான் என்று அட்டியண்ணன் நினைத்தார். கடைத்தெருவில் அப்படி நினைத்ததை வெளியே சொல்ல முடியாது. அதனால் வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னார்.

பயறுக் கடைக்காரம்மாவின் பலகையில் அன்று நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்று எழுதியிருந்தது. கணவர் போன பிறகு தனியாகக் கடையை நடத்துகிறவர். வாய் கொஞ்சம் நீளம். தராசு மட்டும் ஒருபோதும் சாய்ந்ததில்லை. காலை பதினொரு மணிக்கு வழங்கல் துறை ஆய்வாளர் வந்தார். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத இளைஞர்; சட்டைப்பையில் மூன்று பேனா. கிடங்குக்குள் போய் அட்டியை எண்ணினார். அகலத்தில் ஆறு, ஆழத்தில் ஐந்து, உயரத்தில் எட்டு. பெருக்கினால் இருநூற்று நாற்பது.

"நாப்பத்தெட்டு மூட்டை அதிகமா இருக்கே, எப்படி?"

"இருக்காது சார். நான்தான் பில்லைப் பாத்துப் பதிவேட்டுல எழுதினேன்."

"நீங்களே எண்ணிப் பாருங்க."

கடைக்காரம்மா எண்ணினார். ஆறு, ஐந்து, எட்டு. மறுபடி எண்ணினார். அப்போதும் அதேதான். பதிவேட்டை எழுதிய தன் கை மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. லாரிக்காரன் கூடுதலாக இறக்கிவிட்டானா, பில் எதையாவது தொலைத்தோமா என்று மனசு எங்கெங்கோ ஓடியது. வாசலில் அதற்குள் கூட்டம். "பதுக்கி வச்சிருந்தியா, எங்க வயித்துல அடிச்சு?" என்று ஒரு குரல். ஆய்வாளர் நீட்டிய தாளில், "மூட்டைகள் 240 இருப்பதை நேரில் எண்ணிப் பார்த்தேன்" என்ற வரிக்குக் கீழே கடைக்காரம்மா கையெழுத்துப் போட்டுவிட்டார். எண்ணிப் பார்த்தது உண்மைதானே என்று அந்த நேரத்தில் தோன்றியது. கிடங்குக்குச் சீல் வைத்தார்கள்.

அட்டியண்ணன் அன்று ரயிலடி கிடங்கில் வேலையாக இருந்தார். சாயங்காலம் வந்து விஷயத்தைக் கேட்டதும் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, மூட்டை நூத்துத் தொண்ணூத்திரண்டுதான்."

"வாங்கண்ணே வாங்க. எனக்கே தெரியாத கணக்கு உங்களுக்குத் தெரியுமாக்கும்?"

அவர் சொன்னார். அடியில் சந்து விட்டு முப்பது, உச்சியிலும் அப்படியே முப்பது. இடையில் ஆறு வரிசைக்கும் இருபத்திரண்டு, இருபத்திரண்டு. அந்த ஒவ்வொரு வரிசையிலும் நடுவில் எட்டு மூட்டைக்கான இடம் காலி. கடைக்காரம்மா விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தார்.

"என் கிடங்குல, எனக்குத் தெரியாம, கிணறு வெட்டி வச்சிருக்கீங்க."

"பயறு கெடாம இருக்கத்தாம்மா."

"பயறு கெடலை. நான்தான் கெட்டேன்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன குறைஞ்சா போயிருப்பீங்க?"

"சொன்னா நெருக்கி அடுக்கச் சொல்வீங்க."

"சொல்லத்தான் செய்வேன்! அது என் இஷ்டம், என் வாடகை!" என்று கத்தியவர், உடனே குரல் இறங்கி, "சீல் வச்சுப் பூட்டிட்டாங்களே அண்ணே, உள்ள காத்து போகுமா?" என்று கேட்டார்.

ஜன்னல் வரை மூடிச் சீல் வைத்திருந்தார்கள். விசாரணை ஆறாம் நாள். பயறு தாங்கலாம், தாங்காமலும் போகலாம். உரிமம் போனால் அந்தக் கடை போனது போனதுதான்.

வீட்டில் அட்டியண்ணனின் மனைவி ஆஸ்பத்திரி சலவைக் கூடத்திலிருந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சோடா உப்பில் வெளுத்துப்போன விரல்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"விசாரணையில போய்ச் சொல்லுங்க."

"நான் அந்தம்மாகிட்ட கூலி வாங்குறவன். நம்புவாங்களா?"

"அதுக்காக மட்டுமா யோசிக்கிறீங்க?"

பத்தொன்பது வருஷத்துக்கு முந்திய சமாச்சாரம் ஒன்று அந்த வீட்டில் இருந்தது. அப்போதும் இதே மாதிரி ஒரு விலை ஏற்றம். ஒரு பெரிய முதலாளி கிடங்கின் குறுக்கே புதுச் சுவர் எழுப்பி, அதன் பின்னால் அறுநூறு மூட்டையை அடுக்கச் சொன்னார். அடுக்கியது இவர். இரட்டைக் கூலி, வாயைத் திறக்கக் கூடாது. அதே வாரம் இவள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் வரிசையில் நின்றாள். முன்னால் இரண்டு பேர் பாக்கி இருந்தபோது சரக்கு தீர்ந்துவிட்டது என்று கதவைச் சாத்தினார்கள். பிறகு வேறு சுமைக்காரர் மனைவி மூலம் விஷயம் தெரிந்தது. அவள் சண்டை போடவில்லை. பயறு கிடைக்கத் தொடங்கிய பிறகும் ஒரு மாதத்துக்கு அவர் தட்டில் மட்டும் அது விழவில்லை. அவரும் கேட்கவில்லை.

"அந்தச் சுவர் கதையை யாராவது கிளப்பிவிட்டா, என் பேச்சு எடுபடாது" என்றார் அவர்.

"யாரோ எதுக்குக் கிளப்பணும்? நீங்களே சொல்லிடுங்க. அடுத்தவன் சொன்னா அது குத்தம். நீங்க சொன்னா வெறும் வெக்கம்தான். ஒருநாள் வெக்கப்பட்டா ஆள் செத்தா போவாங்க?" என்றாள். பிறகு எண்ணெய்க் கிண்ணத்தை மூடிக்கொண்டே, "நல்ல சட்டை எடுத்து வைக்கிறேன். அந்தக் கோணத் தோளுக்கு எந்தச் சட்டையும் நிக்காது, இருந்தாலும்" என்றாள்.

விசாரணை நடத்திய வழங்கல் அதிகாரி ஓர் அம்மாள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துவிட்டு அதையே மேஜையெங்கும் தேடுகிற ரகம். அறையின் மூன்று சுவரோரமும் துணியில் கட்டிய கோப்புக் கட்டுகள் குவிந்து கிடந்தன. கடைக்காரம்மா கையெழுத்துப் போட்ட தாளை ஆய்வாளர் படித்துக் காட்டினார்.

"நீங்கதானேம்மா கையெழுத்துப் போட்டீங்க?"

"போட்டேன் மேடம். எண்ணினப்ப அப்படித்தான் வந்துச்சு. இவர் நடுவுல கிணறு விட்டிருப்பார்னு நான் கனவா கண்டேன்?"

அட்டியண்ணன் எழுந்து சொன்னார். அதிகாரி குறுக்கிடாமல் கேட்டார். ஆய்வாளருக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், இவர் அவங்ககிட்ட கூலி வாங்குறவர். இந்த மாதிரி அடுக்குற வழக்கமே எங்கயும் கிடையாது. நான் நாலு கிடங்குல விசாரிச்சேன்."

"அப்படி வழக்கம் உண்டாங்க?" என்று அதிகாரி இவரைக் கேட்டார்.

"இல்லீங்க. எனக்குத் தெரிஞ்சு நான் ஒருத்தன்தான்."

கடைக்காரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். 'உண்டு' என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன இந்த மனுஷனுக்கு!

"அப்ப உங்க பேச்சை நான் எதை வச்சு நம்பறது?"

"நம்ப வேணாங்க. பிரிச்சு எண்ணிப் பாருங்க. அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடணும்." அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு கிடங்குல சுவருக்குப் பின்னாடி அறுநூறு மூட்டை அடுக்கிக் குடுத்தேன். எதுக்குன்னு தெரிஞ்சுதான் அடுக்கினேன். வெளிய சொல்லலை. அந்த மொதலாளியும் இப்ப இல்லை, அந்தக் கிடங்கும் இல்லை. மறைச்சு அடுக்க எனக்குத் தெரியும்னு நாளைக்கு யாராவது வந்து உங்ககிட்ட சொன்னா, அது நெசம்தான். ஆனா இந்த அட்டியில மறைச்சது மூட்டையை இல்லீங்க. மூட்டை இல்லாத இடத்தை."

ஆய்வாளர் பேனாவை மூடினார், திறந்தார்.

"மேடம் அனுமதிச்சா இந்தக் கட்டுகளைக் கொஞ்சம் தொடலாமா?" என்றார் அட்டியண்ணன், கோப்புகளைக் காட்டி.

"அதைத் தொட்டு நாலு வருஷமாச்சு. தொட்டா எங்களுக்குத்தான் உபகாரம்" என்றார் வாசலில் நின்ற கடைநிலை ஊழியர். அதிகாரி தலையசைத்தார்.

"சார் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பி நில்லுங்க" என்று ஆய்வாளரைக் கேட்டுக்கொண்டு, அவர் தரையில் குந்தினார். கை தானாகவே வேலை செய்தது. கட்டுகள் ஒன்றையொன்று கவ்வின. தூசி எழுந்தது. இரண்டு நிமிஷத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்ன அட்டி நின்றது.

"இப்ப பாருங்க. எத்தனை கட்டு?"

ஆய்வாளர் ஒரு பார்வை பார்த்தார். "மூணு, மூணு, நாலு வரிசை. முப்பத்தாறு."

ஊழியர் ஒவ்வொரு கட்டாக எடுத்துச் சத்தமாக எண்ணி மேஜை ஓரம் வைத்தார். முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு. அதோடு தரை தெரிந்தது. ஊழியர் குனிந்து, வேறு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தரையைத் தடவிக்கூடப் பார்த்தார். "சார், ரெண்டு கட்டைப் பதுக்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்று வாயைப் பொத்திக்கொண்டார். முதலில் சிரித்தது அதிகாரிதான். ஆய்வாளரின் காது சிவந்தது. ஆனால் அவரும் குனிந்து, அட்டி நின்றிருந்த தரையின் நடுவில் ஒரு கட்டு அளவு இடத்தை விரலால் அளந்து பார்த்தார்.

அதிகாரி எழுதினார்: நாளை காலை இரு தரப்பும் இருக்க, சீலை உடைத்து, ஒவ்வொரு மூட்டையாக இறக்கி எண்ண வேண்டும். "இருநூத்தி ஒண்ணு இருந்தாலும் உரிமம் போயிடும்மா. நான் பாவம் பார்க்க மாட்டேன். வெளிய வரிசையில நிக்கிறவங்களுக்கு நான் பதில் சொல்லணும்."

"சரிங்க மேடம்" என்றார் கடைக்காரம்மா. வெளியே வந்ததும் அட்டியண்ணனிடம், "அண்ணே, நெசமாவே எட்டு எட்டாத்தான் விட்டீங்களா? ஏதாவது ஒரு வரிசையில மறந்து போய் அடைச்சிருந்தா?" என்றார்.

அந்தச் சந்தேகம் அவருக்கே அன்று முழுவதும் இருந்தது. மனைவியிடம் சொன்னார். "கிணத்தையே அடைக்கிற அளவுக்கு மறதி வந்திருந்தா வீட்டுக்கு வர வழியும் மறந்திருக்கும்" என்று அவள் பேச்சை முடித்துவிட்டாள்.

மறுநாள் கதவைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அடித்தது. அவர் முதலில் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை. உச்சி மூட்டை ஒன்றின் தையலுக்குள் விரலை விட்டார். இளஞ்சூடு. முகர்ந்து பார்த்தார். பூஞ்சை வாசனை இல்லை. "பொழைச்சுக்கிச்சு" என்றார் யாரிடமோ.

நாலு சுமைக்காரர்கள் இறக்கினார்கள். ஆய்வாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சுவரில் சாக்கட்டியால் ஐந்தைந்து கோடாகப் போட்டார். வாசலில் ஜனம் எட்டிப் பார்த்தது. முப்பது இறங்கியதும் பலகை தெரிந்தது. பலகையை நகர்த்தியதும் கிணறு. ஆய்வாளர் ஏணியில் ஏறி உள்ளே டார்ச் அடித்தார்.

"போதுமா சார்? அதான் தெரியுதே" என்றார் கடைக்காரம்மா.

"குழி இருக்கிறது தெரியுதும்மா. மூட்டை எத்தனைன்னு தெரியலையே. கடைசி வரைக்கும் எண்ணணும்."

அட்டியண்ணனுக்கு அந்தப் பையன் மேல் அப்போதுதான் ஒரு மரியாதை வந்தது.

மத்தியானம் தாண்டியது. நூற்றுத் தொண்ணூறு. தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றிரண்டு. கடைக்காரம்மா மூச்சை விட்டார். அப்போது ஒரு சுமைக்காரர் சுவர் மூலையிலிருந்து இன்னொன்றை இழுத்துவந்து, "இது ஒண்ணு கிடக்கு" என்று போட்டார். தொண்ணூற்று மூன்று. வாசலில் சலசலப்பு.

"பதிவேட்டுல இது இல்லையே?"

"ஐயோ சார், அது தரையில சிந்தினதைக் கூட்டி அள்ளினது. பாதி மண்ணு, பாதி பயறு. அதையும் மூட்டைன்னா சொல்வாங்க?"

ஆய்வாளர் அவிழ்த்துப் பார்த்தார். மண்தான். "இருந்தாலும் இனிமே எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டு, அறிக்கையில் 193 என்று எழுதி, வரம்புக்குள் உள்ளது என்று கையெழுத்திட்டார். பழைய தாளின் மேல் குறுக்கே இரண்டு கோடு இழுத்தார். பிறகு வாசலுக்குப் போய், யாரும் கேட்காமலே, "இங்க பதுக்கல் எதுவும் இல்லை. என் எண்ணிக்கையில தப்பு" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண், "அப்ப விக்கிறீங்களா இல்லையா? பலகையில போட்ட விலைதானே?" என்று கேட்டாள்.

"அதே விலைதான். நாலு மூட்டை இங்கயே பிரிக்கிறேன், வரிசையா வாங்க" என்றார் கடைக்காரம்மா. ஆறு நாளாகக் காணாமல் போயிருந்த அந்த நீளமான குரல் திரும்பி வந்திருந்தது.

மீதியைத் திரும்ப அடுக்க வேண்டும். ஆய்வாளர் போகும் முன், மேலே மூட வேண்டாம், குழி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி விடுங்கள், பலகையிலும் அதை எழுதிவையுங்கள் என்று சொன்னார். மற்ற கிடங்குகளிலும் இப்படி அடுக்கினால் என்ன என்று அதிகாரியிடம் கேட்கப் போவதாகவும் சொன்னார். பூனை விழாமல் கம்பி வலை போட்டால் போதும் என்று அட்டியண்ணன் யோசனை சொன்னார்.

அடி வரிசை முடிந்து இரண்டாவது வரிசை தொடங்கியபோது, முந்தானையில் கை துடைத்துக்கொண்டு கடைக்காரம்மா உள்ளே வந்தார். இத்தனை வருஷத்தில் அட்டி போடும்போது அவர் உள்ளே வந்து நின்றது அதுதான் முதல் தடவை. அட்டியண்ணன் மூட்டையைத் திருப்பி வைப்பதையும், முழங்காலால் ஒரு தட்டு தட்டுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்தத் தடவை ஈரம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே. எட்டு போதுமா, பத்தா விடலாமா?"

அட்டியண்ணன் மூட்டையை இறக்கிவிட்டு இடுப்பை நிமிர்த்தினார். வாடகைக் கணக்கு எதுவும் அந்தம்மா முகத்தில் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"எட்டே போதும்மா. ஜன்னலை மட்டும் திறந்து வைங்க."

கடைக்காரம்மா போய் இரண்டு ஜன்னலையும் திறந்தார். வெளியே வரிசையில் யாரோ சில்லறைக்குச் சத்தம் போட, "வர்றேன் வர்றேன்" என்று வாசலுக்கு ஓடினார். அட்டியண்ணன் அடுத்த மூட்டையைக் குறுக்குவாட்டில் வைத்தார்.